வந்த மீனா, வருவித்த மீனா?

கடல் மீன் தொட்டி வைக்கத் தொடங்குவோருக்கான அறிவுரைப் பட்டியல் ஒன்று எங்கள் ஆய்வாளர் வட்டத்தில் சில நாட்களாகக் கைமாறி வருகிறது. ஆரோக்கியமான மீனைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது அதன் பொருள். கண் தெளிவாக இருக்க வேண்டும். துடுப்பு கிழிந்திருக்கக் கூடாது. உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தென்படக் கூடாது. செவுள் விரைந்து துடிக்கக் கூடாது. வயிறு ஒட்டியிருக்கக் கூடாது. நம் கண்முன்னே இரை எடுக்க வேண்டும். இவற்றுள் ஒன்றும் தவறன்று. ஆயினும் இப்பட்டியல் போதும் என்ற எண்ணத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

சென்ற ஆண்டு, ஐதராபாத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுத் தொட்டிக்காக, இதே அளவுகோல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து நீல டாங் மீன் ஒன்றை வாங்கினோம். அது எல்லாத் தேர்விலும் தேறியது. பத்தொன்பதாம் நாள் இறந்தது. ஏன் இறந்தது என்பதை எங்களால் அறிய முடியவில்லை. அந்த அறியாமையே என் வழக்கு. எங்கே பிடித்தார்கள், எப்படிப் பிடித்தார்கள், எத்தனை கைகள் மாறியது என்ற கேள்விகளுக்குக் கடைக்காரர் சொன்ன விடை ஒரே தக்கினி வாக்கியம்: "கலிச் மால் ஆயா." நேற்றுத்தான் சரக்கு வந்ததாம்.

மொழியியல் படித்தவன் என்ற முறையில் அந்த வினைச்சொல்லில் நின்றுவிட்டேன். மீன் வரவில்லை, வருவிக்கப்பட்டது. தன்வினை வந்து அமர்ந்ததும் பிடித்தவர், தரகர், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர் என அனைவரும் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார்கள். "ஆரோக்கியமான மீன்" என்ற தொடரும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆரோக்கியம் என்பது அந்த உயிருக்கு நேர்ந்தவற்றின் தொகை. அதை ஒரு பெயரடையாக்கி, கண்ணாடிக்கு வெளியே நின்று ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம் என்று நம்மை நம்பவைக்கிறது அத்தொடர்.

உண்மை அவ்வளவு எளிதன்று. நன்னீர் வண்ண மீன்களில் பெரும்பான்மை பண்ணையில் வளர்ந்தவை. கடல் வண்ண மீன்களில் மிகப் பெரும்பான்மை பவளப்பாறைகளிலிருந்து பிடிக்கப்பட்டவை. பிலிப்பைன்சில் 1960களில் தொடங்கி இந்தோனேசியாவுக்கும் பரவிய ஒரு முறை உண்டு: சயனைடு வில்லையைக் கடல்நீரில் கரைத்துப் பாறை இடுக்கில் பீய்ச்சுவது. மயங்கிய மீனைக் கையால் அள்ளலாம். சுற்றியுள்ள பவள உயிர்களும் நஞ்சுண்ணும். சட்டம் தடுத்தும் அது முற்றிலும் ஒழியவில்லை. அவ்வாறு பிடிபட்டுப் பிழைத்த மீன் கடையில் வண்ணம் குன்றாமல், இரையும் எடுத்துக்கொண்டு நீந்தலாம். உள்ளுறுப்புகளின் சேதம் பின்னரே வெளிப்படும். வெண்புள்ளி நோயும் இத்தகையதே. அதன் ஒட்டுண்ணி தன் வாழ்நாளின் ஒரு பகுதியை மீனை விட்டு நீங்கித் தொட்டியின் அடியில் கழிக்கிறது. இன்று புள்ளி இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. எனவேதான் புதிய மீனைத் தனித் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கண்பார்வை போதுமென்றால் அந்த ஆறு வாரம் எதற்கு?

ஆகவே கேள்வியின் வரிசையை மாற்றுங்கள். முதலில், இந்த மீன் பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? கோமாளி மீன், டாம்சல் வகைகள் பலவற்றுக்கு நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே இனப்பெருக்கத் தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது. இந்தோனேசியாவின் பாங்காய் கார்டினல் மீன் 2007 முதல் அழியும் நிலையிலுள்ள இனமாகச் செம்பட்டியலில் உள்ளது. அதுவும் தொட்டியிலேயே இனம்பெருக்கக் கூடியது. அதனைக் கடலிலிருந்து பிடிக்க இனி என்ன நியாயம்? இரண்டாவது, கடலில் பிடித்ததெனில், வலையாலா, எந்தக் கடலில்? விடை இல்லையேல் வாங்காதீர். மூன்றாவது, இதன் உணவை என்னால் தர இயலுமா? மாண்டரின் மீன் பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களை நாள் முழுவதும் கொத்தித் தின்பது. புதிய தொட்டியில் அது மெல்லப் பட்டினி கிடந்து சாகும். இவற்றுக்குப் பிறகே கண்ணையும் துடுப்பையும் பாருங்கள்.

நம் சட்டமும் ஓரளவு இதைத்தான் செய்கிறது. கடல்குதிரைகளும் பாறை கட்டும் பவளங்களும் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. நம் கடலிலிருந்து பிடித்த கடல்குதிரை எத்தனை நலமாக நீந்தினாலும் அதை விற்பது குற்றம். அதன் கண் தெளிவாக உள்ளதா என்று சட்டம் கேட்பதில்லை.

மறுப்புகளை அறிவேன். மீன் பிடிப்போரின் பிழைப்பு என்னாவது என்பர். வலையால், அளவறிந்து பிடிப்பவருக்கு உரிய விலை கிடைக்க வேண்டுமானால், நஞ்சால் பிடித்தவரின் மீனும் அவருடையதும் ஒரே "மால்" ஆகக் கலக்கக் கூடாது. பிடித்தவரைப் பற்றிக் கேட்பது அவருக்கு எதிரானதன்று. அவரை வாக்கியத்துக்குள் மீட்பது. தட்டில் மீனை உண்பவன் தொட்டி மீனுக்கு அழலாமா என்றும் கேட்பர். உண்பவன் அதனை வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. வளர்க்கிறேன் என்று சொல்பவனுக்கு அச்சொல்லின் கடன் உண்டு.

பொரிப்பகத்து மீன் விலை கூடுதல், வகை குறைவு என்பதும் உண்மையே. அப்படியானால் குறைவாக வாங்குவோம். எடுத்துக்காட்டின் மூலத்தைக் குறிக்காத ஆய்வுக் கட்டுரையை நாம் ஏற்பதில்லை. ஓர் உயிர் எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் ஏன் இவ்வளவு தாராளம்?