அம்மாவே எக்ஸாமினர்

கிறிஸ்தவ ஹோம்ஸ்கூலிங் என்று பேச்செடுத்தாலே நம்மாட்கள் நேராக டைனோசருக்குப் போய்விடுகிறார்கள். கென்டக்கியில் 2016இல் திறந்த பிரம்மாண்டமான நோவா பேழை, அதற்குள் கூண்டில் டைனோசர் பொம்மைகள், பூமிக்கு வயது ஆறாயிரம் ஆண்டுகள். ரெண்டு மீம், நாலு ஸ்மைலி, விவாதம் முடிந்தது. எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம்: “ஸ்கூலே ஒரு ஃபேக்டரி ப்ரோ, பிள்ளைய வீட்ல வச்சு படிக்கவைக்கிறவன்தான் புத்திசாலி.” இரண்டு தரப்பும் பாடத்திட்டத்தைப் பற்றியே பேசுகின்றன. எனக்கு இருக்கும் கேள்வி வேறு. அம்மா அப்பாவைத் தவிர, அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறதா என்று கேட்கும் பொறுப்பு இந்த உலகத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா?

முதலில் கேலியை ஓரமாக வைப்போம். டெக்சாஸில் என்னோடு வேலைபார்த்த ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்து பேரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவர்கள் வீட்டில் நாள் ஜெபத்தோடும் வேதாகம வாசிப்போடும் தொடங்கும். பிறகு சாப்பாட்டு மேஜையே வகுப்பறை. மூத்தவள் அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருப்பாள். அடுத்தவன் லத்தீன் சொற்களை முணுமுணுப்பான். கடைக்குட்டி மேஜைக்கு அடியில் லெகோவோடு கிடப்பான். அம்மா ஒரு மணிநேரம் சத்தமாகக் கதை வாசிப்பார். வாசித்ததை ஒவ்வொருவரும் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் வகுத்த முறை இது. மத்தியானம் ஓடைக்கரைக்குப் போய்ப் பறவையையும் இலையையும் பார்த்து நோட்டில் வரைவார்கள். வாரத்தில் ஒருநாள் நாலைந்து குடும்பங்கள் சர்ச் ஹாலில் கூடும். நர்ஸாக இருந்த ஒரு தாய் எல்லோர் பிள்ளைகளுக்கும் உயிரியல் எடுப்பார்.

கோனார் உரையை நெட்டுருப் போட்டே கரையேறிய எனக்கு இதைப் பார்த்துப் பொறாமையாகத்தான் இருந்தது.

எல்லா வீடும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 1970இல் டெக்சாஸில் தொடங்கிய ஆக்சலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன் என்ற பாடமுறை இருக்கிறது. அதன் பள்ளிகளில் பிள்ளைகள் இரண்டு தடுப்புப் பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்து தனித்தனியாகப் புத்தகத்தை நிரப்புவார்கள். சந்தேகம் வந்தால் ஒரு குட்டிக் கொடியை நட்டுவைக்க வேண்டும். அந்தப் புத்தகங்கள் வீடுகளுக்கும் போகின்றன. ஆக, நல்ல வீடும் உண்டு, வறண்ட வீடும் உண்டு. எது எந்த வீடு என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த மூத்தவள் ஒருநாள் என்னிடம் கேட்டாள்: “கால்குலஸ் படிக்காமல் எஞ்சினியரிங் சேர முடியுமா?” அவளுக்குப் பதினாறு வயது. அம்மா தானே படித்த அளவுக்கு, அதாவது அல்ஜீப்ரா வரைக்கும், அருமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது. மத்தியானம் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது இவள் வேலை. இதில் கொடுமை ஒன்றுமில்லை, யாரும் வில்லனும் இல்லை. ஆனால் “பதினாறு வயசாச்சே, அடுத்து என்ன?” என்று கேட்க வேண்டிய கடமை அந்த மாநிலத்தில் ஒருவருக்கும் இல்லை. டெக்சாஸில் வீட்டுப்பள்ளி தனியார் பள்ளிக்குச் சமம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் சொல்லிவிட்டது. ஆரம்பித்திலிருந்தே வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பற்றி அரசுக்கு ஒரு கடிதம்கூடப் போட வேண்டியதில்லை. தேர்வு கிடையாது, ஆய்வு கிடையாது. கல்லூரிக்குத் தேவையான மதிப்பெண் பட்டியலை அம்மாவே டைப் அடித்து, கீழே பள்ளி முதல்வர் என்று தானே கையெழுத்தும் போடலாம்.

என் தொழிலில் கோடை எழுதியவனே அதை டெஸ்ட் பண்ணி, அவனே ரிவ்யூ பண்ணி, அவனே ரிலீஸ் பண்ண விடமாட்டோம். அவன் அயோக்கியன் என்பதால் அல்ல. தான் எழுதியதில் இருக்கும் ஓட்டை தன் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நம்மூர் பத்தாவது பரீட்சையை ஆயிரம் திட்டலாம், திட்டவும் வேண்டும். ஆனால் பெயர் மறைத்த அந்த விடைத்தாளை நம்மை யாரென்றே தெரியாத ஓர் ஆசிரியர் ஏதோ ஓர் ஊரில் உட்கார்ந்து திருத்தினார். அம்மாவின் பாசமும் அப்பாவின் கோபமும் அந்தத் தாள்வரை எட்டவில்லை.

இந்தச் சட்டங்கள் தானாக வந்தவை அல்ல. எழுபதுகளில் ஹோம்ஸ்கூலிங்கின் பெரிய குரல் ஜான் ஹோல்ட். அவர் மதவாதி அல்லர், பள்ளிகள் மேல் நம்பிக்கை இழந்த ஆசிரியர். எண்பதுகளில் இயக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களின் கைக்கு வந்தது. 1983இல் மைக்கேல் ஃபாரிஸ் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய வீட்டுப்பள்ளிச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் மாநிலம் மாநிலமாக வழக்காடியது. 1994இல், ஆசிரியர் தகுதிச் சான்று பற்றிய ஒரு மசோதா வரி தங்கள்மேலும் பாயும் என்று அஞ்சிய பெற்றோர், அமெரிக்கக் காங்கிரஸின் தொலைபேசிகளைத் திணறடித்துவிட்டார்கள். அந்த வரி போயிற்று. ஜனநாயகத்தில் இது அவர்கள் உரிமை. நான் கேட்பதெல்லாம், அந்தப் பிள்ளைகளின் சார்பில் போன் பண்ணியது யார்?

இதை ஒரு நீதிபதி முன்பே கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திய ஆமிஷ் பெற்றோர்களுக்கு விஸ்கான்சினில் தலைக்கு 5 டாலர் அபராதம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1972இல் பெற்றோர் ஜெயித்தார்கள். நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். சாட்சி சொன்னது ஒரே ஒரு பிள்ளைதான், மற்றப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லையே என்றார். அந்தப் பிள்ளை விண்வெளி வீரராக ஆசைப்பட்டால் என்ன செய்வது என்பது அவருடைய கவலை. ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் யாரும் கேட்கவில்லை.

இதன் கடைசி எல்லை எதுவென்று 2015இல் தெரிந்தது. வீட்டில் பிறந்து வீட்டிலேயே படித்த டெக்சாஸ் இளம்பெண் ஒருவர், தனக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை, தான் யார் என்று நிரூபிக்க உதவுங்கள் என்று வீடியோ போட்டார். வேலைக்குப் போக முடியாது, வண்டி ஓட்ட முடியாது. அதன்பிறகு பிள்ளைக்கு அடையாள ஆதாரம் தர மறுப்பதற்கு எதிராக அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. ஒரு பெண் கேமரா முன் வந்து நிற்கும்வரை சட்டத்துக்கு அப்படி ஒருத்தி இருப்பதே தெரியவில்லை.

“ஏன், பள்ளிக்கூடத்தில் மட்டும் பிள்ளைகளுக்கு அநியாயம் நடக்கவில்லையா?” என்பார்கள். நடக்கிறது. பள்ளியில் அடிபட்ட குழந்தை வீட்டில் வந்து அழலாம். வீட்டில் அடிபட்ட குழந்தையின் கன்னத்தைப் பள்ளியில் ஓர் ஆசிரியர் பார்க்கலாம். இரண்டு கதவுகள். ஹோம்ஸ்கூலிங் அந்த இரண்டையும் ஒரே கதவாக்கி, சாவியை ஒருவர் கையில் கொடுக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் நல்லவர். ஆனால் சட்டம் என்பது ‘பெரும்பாலும்’களுக்காக எழுதப்படுவதில்லை.

அதற்காக ஜெர்மனி மாதிரி தடை போடச் சொல்கிறேனா? இல்லை. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் எலிசபெத் பார்த்தலெட் 2020இல் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டார். அந்தச் சாப்பாட்டு மேஜையைப் பிடுங்கி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை. பென்சில்வேனியாவில் பெற்றோர் அல்லாத, தகுதியுள்ள ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளையின் நோட்டுகளைப் பார்த்து, பிள்ளையோடும் பேசிச் சான்று தர வேண்டும். அதனால் அங்கே விசுவாசம் அழிந்துவிடவில்லை. ஆனால் அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர். அதை மட்டும் மாற்றுங்கள். அவர்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர், வருஷத்தில் ஒருநாள், பிள்ளையோடு தனியாக ஒரு மணிநேரம் பேசட்டும். என்ன படிக்கிறாய், என்ன படிக்க ஆசை, ஏதாவது பயமாக இருக்கிறதா? மூன்று கேள்விகள் போதும்.

“என் பிள்ளை, என் விசுவாசம், நீ யார்?” என்று கேட்கும் தாய்க்கு அவருடைய சார்லட் மேசனையே காட்டுவேன். குழந்தை பிறக்கும்போதே முழு மனிதர் என்பதுதான் மேசனின் முதல் கொள்கை. முழு மனிதர் என்றால் அவருக்கென்று வாய் உண்டு. நீங்கள் அறையில் இல்லாதபோதும் பேசக்கூடிய வாய்.