ஆரவாரமும் அறமும்

"அறம் செய்வதற்கு ஆரவாரம் எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. "ஆரவாரம் இல்லாவிட்டால் யார் வருவார்கள்?" என்று இளையவர்கள் திருப்பிக் கேட்பதுண்டு. இவ்விரு கேள்விகளும் நேருக்கு நேர் சந்திக்கும் இரவு ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அக்டோபர் 31ஆம் நாள் கொண்டாடப்படும் ஹாலோவீன் இரவே அது. அன்று ஒரு திரைப்படத்தைக் காட்டி, பார்வையாளரையே வேடமிட்டு வரச் செய்து, படத்தோடு சேர்ந்து பாடவும் கூவவும் விட்டு, வரும் பணத்தை ஏழைகளுக்கோ நோயாளிகளுக்கோ அளிக்கும் வழக்கம் அங்கே பல ஊர்களில் இருக்கிறது. இது முறையா? இதைப் பற்றிய என் கருத்தைத் தோழியர் முன்பும் பெரியோர் முன்பும் பணிவுடன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் அந்த இரவைப் பற்றிச் சில சொற்கள். பேயும் பிசாசும் பூசணிக்காய் விளக்கும் நம் கண்ணில் படுவதால், அதைக் கிறிஸ்தவத்துக்குத் தொடர்பற்ற ஒன்றாகப் பலரும் நினைக்கிறோம். பெயரே வேறு கதை சொல்கிறது. 'ஹாலோஸ்' என்பது புனிதர்களைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள். அதற்கு முந்திய மாலையே ஹாலோவீன். 8ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் மூன்றாம் கிரகோரியார் உரோமை புனித பேதுரு பேராலயத்தில் அனைத்துப் புனிதருக்கும் ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்தார். 9ஆம் நூற்றாண்டில் இத்திருநாள் மேற்கு நாடுகளெங்கும் பரவியது. மறுநாள் நவம்பர் 2, இறந்தோரை நினைக்கும் நாள்.

இந்த நாட்களில் பழைய இங்கிலாந்தில் ஓர் அழகிய வழக்கம் இருந்தது. ஏழைகளும் சிறுவர்களும் வீடுவீடாகச் செல்வார்கள். வீட்டார் சிறு அப்பங்களைக் கொடுப்பார்கள். பெற்றுக்கொண்டவர்கள் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபிப்பார்கள். கொடுத்தவரும் பெற்றார்; பெற்றவரும் கொடுத்தார். ஆகவே இந்த இரவோடு ஈகை இடைக்காலத்திலிருந்தே சேர்ந்து வந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் ஹாலோவீனை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே அது நாளடைவில் மிட்டாய்த் திருநாளாக மாறிற்று. ஆயினும் 1950ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா நகரில் ஒரு போதகரின் குடும்பம் மிட்டாய்க்குப் பதிலாகக் காசு கேட்கும்படி சிறுவர்களைப் பழக்கிற்று. பால் அட்டைப்பெட்டிகளில் சேர்ந்த முதல் தொகை வெறும் 17 டாலர். அது யூனிசெஃப் நிறுவனத்துக்குக் குழந்தைகளின் நலனுக்காக அனுப்பப்பட்டது. அந்தச் சிறு தொடக்கம் பிற்காலத்தில் பல கோடி டாலர்களைத் திரட்டியது. சிறு துளி பெருவெள்ளம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி திரைப்படத்துக்கு வருவோம். பார்வையாளர் பங்கு கொள்ளும் காட்சிகளில் முதலிடம் பெறுவது 1975இல் வெளிவந்த 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' என்னும் படம். லண்டனில் 1973இல் மேடையேறிய இசை நாடகமொன்றே இப்படமாயிற்று. வெளிவந்தபோது இதை மதித்தவர் சிலரே. 1976 ஏப்ரலில் நியூயார்க் நகரின் வேவர்லி கொட்டகையில் நள்ளிரவுக் காட்சியாக இதை மீண்டும் திரையிட்டார்கள். மழையில் நனைந்து செல்லும் கதாநாயகியைப் பார்த்து, குடை வாங்கக் கூடாதா என்னும் கருத்தில் ஒருவர் குரல் எழுப்பினார். அவர் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியர் என்பர்! அதன்பின் அது பழக்கமாகி, பழக்கம் சடங்காயிற்று. படத்தில் திருமணம் நடந்தால் கொட்டகையில் அரிசி பறக்கும். மழை பெய்தால் பார்வையாளர் தலையில் செய்தித்தாள் கவிழும். திரைக்கு முன்னே உள்ளூர் இளைஞர் அதே வேடத்தில் நடித்துக்கொண்டிருப்பார்கள். இவர்களை நிழல் நடிகர் என்கிறார்கள்.

இப்படம் பள்ளிக்கு ஏற்றதன்று என்பதைத் தயங்காமல் சொல்கிறேன். அமெரிக்கத் தணிக்கை முறையே 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோ காப்பாளரோ இன்றி இதைப் பார்க்கலாகாது என்று வகுத்திருக்கிறது. ஆனால் ஒன்றையும் மறுப்பதற்கில்லை. வேறெங்கும் ஏளனத்துக்கு ஆளாகித் தனித்து நின்ற எத்தனையோ இளையவர்கள் அந்த நள்ளிரவுக் கொட்டகைகளில் நண்பர்களைக் கண்டார்கள். அவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று கேட்பது, போனதைப் பழிப்பதைவிடப் பயனுள்ளது. தங்களை வரவேற்கும் இடம் அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை என்பது நாம் எல்லோரும் சிந்திக்கத்தக்க செய்தி அல்லவா?

படம் பொருந்தாவிடினும் முறை பொருந்தும். இதற்குச் சான்று லண்டன் நகரிலேயே இருக்கிறது. 1965இல் வந்து ஐந்து ஆஸ்கார் விருதுகள் பெற்ற 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தை நம்மில் அறியாதவர் யார்? 1999இல் பிரின்ஸ் சார்லஸ் கொட்டகையில் அப்படத்தைப் பாடல் வரிகளோடு திரையிட்டு, கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடும் நிகழ்ச்சி நடத்தினார்கள். கன்னியர் உடையில் ஆண்களும் பெண்களும் வந்தார்கள். பாட்டியும் பேத்தியும் அருகருகே அமர்ந்து பாடக்கூடிய படம் அது. மாறுவேடத்துக்கு உகந்த ஹாலோவீன் மாலையில் இத்தகைய படத்தை வைத்து நிதி திரட்டினால் யார் முகம் சுளிப்பார்கள்?

ஆனால் என் கருத்தின் மையம் படத்தேர்வு அன்று, பணமே. அறத்தின் பெயரால் நடக்கும் கேளிக்கையில் அறத்துக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 பேர் ஆளுக்கு 10 டாலர் கொடுத்து வந்தால் வரவு 2000 டாலர். கடையில் வாங்கிய குறுந்தட்டை வைத்துப் பொதுமக்களுக்குக் காட்ட முடியாது. அமெரிக்காவில் அதற்கு உரிமை பெற்று உரிமைத் தொகை கட்ட வேண்டும். அது 700 டாலர் என்று கொள்வோம். கொட்டகை வாடகை 600. அச்சுக்கும் துப்புரவுக்கும் 200. மிஞ்சுவது 500. அதாவது நான்கில் ஒரு பங்கு! சீட்டு வாங்கியவரோ தம் 10 டாலரும் நோயாளிக்குப் போயிற்று என்று மனநிறைவோடு வீடு திரும்புவார்.

ஆகவேதான் அங்கே அனுபவமுள்ளவர்கள் சீட்டை மட்டும் நம்புவதில்லை. படத்தின்போது பயன்படுத்தும் செய்தித்தாள், சிறு மின்விளக்கு, காகிதத் தொப்பி முதலியவற்றைப் பையில் போட்டு விற்கிறார்கள். ஒரு டாலர் செலவாகும் பையை 4 டாலருக்கு 150 பேர் வாங்கினால் 450 டாலர் கிடைக்கும். சீட்டில் மிஞ்சியதற்கு ஏறக்குறைய இணை! வேடப்போட்டியும் வீட்டில் செய்து கொண்டுவந்த தின்பண்டங்களும் இன்னும் கொஞ்சம் சேர்க்கும்.

பைக்குள் என்ன வைக்கிறோம் என்பதிலும் நெறி உண்டு. பசித்தவருக்காகப் பணம் திரட்டும் இடத்தில் அரிசியையும் ரொட்டியையும் வாரி இறைப்பது என் மனத்துக்கு ஒவ்வவில்லை. எலித் தொல்லைக்கும் வழுக்கலுக்கும் அஞ்சிப் பல கொட்டகைகள் அரிசியைத் தடுத்துவிட்டன. தீக்கு அஞ்சி எரியும் சுடரையும் தடுத்துவிட்டன. துப்புரவுக்கு அஞ்சி நிறுத்தியதை நாம் மனச்சான்றுக்கு அஞ்சி நிறுத்துவோமே. மேலும், நள்ளிரவில் அந்தக் குப்பையைக் கூட்டுவது யார்? குறைந்த கூலிக்கு உழைக்கும் ஒரு தாய் என்றால், ஏழைக்கு உதவ இன்னோர் ஏழையின் முதுகை ஒடிக்கிறோம். ஆடிப்பாடியவர்களே துடைப்பத்தையும் எடுக்கட்டும். அதுவே உண்மையான பங்கேற்பு.

எனவே மூன்று நெறிகளை நான் வேண்டுவேன். வருவோரில் மிக இளையவருக்கும் ஏற்ற படமாக இருக்கட்டும். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் எவ்வளவு அறத்துக்குச் செல்லும் என்று முன்கூட்டியே அச்சிடட்டும்; முடிந்தபின் ஒரு மாதத்துக்குள் வரவு செலவை எல்லோரும் காண ஒட்டி வைக்கட்டும். படம் தொடங்குமுன் இரண்டு நிமிடம் விளக்கை அணைக்காமல், யாருக்காக இந்தக் கூட்டம் என்பதை ஒருவர் எழுந்து சொல்லட்டும்.

மறைவாகக் கொடுப்பதே உயர்ந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஏழைக் கைம்பெண் இரண்டு காசு போட்டபோது அவளுக்குப் பாட்டும் கூத்தும் தேவைப்படவில்லை. ஆனால் எல்லோரும் அந்த உயரத்தில் பிறப்பதில்லை. ஒருமுறை சிரித்துக்கொண்டே கொடுத்துப் பழகிய கை, மறுமுறை யாரும் காணாதபோதும் நீளலாம். ஊர் கூடித்தான் தேர் நகரும். தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததா என்பதையும் அந்த ஊரே பார்த்துக்கொள்ள வேண்டும்.