காலியாக் கிடக்கிற நம்பர் யாருக்கு?

மட்டக்களப்பில ஓடுற பழைய வேன், கார் எதுல ஏறினாலும் அந்தச் சாமான் கண்ணுல படும். சிகரட் லைட்டர் ஓட்டைக்குள்ள செருகி, வெளிச்சத்தில ஒரு நம்பரைக் காட்டிக்கொண்டு இருக்கும். பென்டிரைவ் குத்தலாம், மெமரி காட் போடலாம், போனை புளூடூத்தில இணைக்கலாம். பேர் எப்எம் ட்ரான்ஸ்மிட்டர். 2000களின் தொடக்கத்தில ஐபொட் போன்ற பாட்டுப்பெட்டிகளுக்குத் துணைச்சாமானா வந்தது. ஐபொட் போயிட்டுது, இது மிஞ்சியிருக்கு. புளூடூத் இல்லாத செட் பூட்டின வாகனம் ஓடுற வரைக்கும் இருக்கும்.

இதைப் பாட்டுக் கேட்கிற வழியா மட்டும் பார்க்கிறது சரியில்லை எண்டதுதான் என்ட கட்சி. கையளவுதான் எண்டாலும் இது ஒரு வானொலி நிலையம். எங்கட ஊருக்கு ஏன் ஒரு வானொலி இல்லை எண்ட கேள்வியை இந்தச் சின்னச் சாமானை வைத்தே கேட்கலாம்.

முதல்ல இது வேலை செய்ற விதம். பாட்டை 87.5க்கும் 108 மெகாஹேர்ட்ஸுக்கும் இடையில நீங்கள் தெரிவு செய்த ஒரு நம்பரில இது ஒலிபரப்பும். வாகனத்தின் ரேடியோ அதே நம்பரில அதைப் பிடிக்கும். ஒழுங்காப் பூட்டிறதுக்கு நாலு விஷயம் போதும். ஒண்டு, சாமானைப் போட முதல் ரேடியோவை மட்டும் போட்டு, வெறும் இரைச்சல் கேட்கிற நம்பரைத் தேடுங்க. ரெண்டு, அந்த நம்பருக்கு மேலயும் கீழயும் 0.2 மெகாஹேர்ட்ஸ் தூரத்துக்காவது வேற நிலையம் இருக்கக் கூடாது. மூண்டு, சாமானிலயும் அதே நம்பரை வையுங்க. நாலு, போனின் சத்தத்தை முக்கால் அளவில விட்டு மிச்சத்தை ரேடியோவில கூட்டுங்க. போனில குறைச்சா இரையும், முழுசாக் கூட்டினா குரல் உடையும்.

மட்டக்களப்பில சுத்தமாக் கேட்ட நம்பர் கொழும்புக்குப் போற வழியில திடீரெண்டு வேற ஆளின்ட பாட்டைப் பாடும். சாமான் பழுதில்லை. நாடு முழுக்கக் கேட்கிற வானொலிகள் ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒவ்வொரு நம்பரில ஒலிபரப்புது. இங்க காலியா இருக்கிற நம்பர் அங்க ஆள் இருக்கிற நம்பர். ஒரே நம்பரில ரெண்டு அலை வந்தால், எப்எம் ரேடியோ பலமானதைப் பிடித்து மற்றதை அமத்திப்போடும். அதனாலதான் சில மீற்றர் மட்டும் எட்டுற உங்கட சாமான் பெரிய நிலையத்துக்கு முன்னால தோற்குது.

இப்ப இதிலிருந்து ரெண்டு உண்மை தெரியுது. ஒண்டு, எங்கட வானத்தில காலி இடம் இருக்கு. ஆள் ஆளுக்கு அதைத் தேடிப் பிடித்துத்தானே பாட்டுக் கேட்கிறம். மற்றது, ஒலிபரப்பிறது பெரிய செலவுள்ள வேலை இல்லை. அப்ப தடை எங்க இருக்கு? அனுமதியிலதான்.

இந்தியாவில பீகாரின் வைசாலி மாவட்டத்தில மன்சூர்பூர் எண்டு ஒரு கிராமம். அங்க ராகவ் மஹதோ எண்ட ரேடியோ திருத்துற இளைஞர், 50 ரூபாய் அளவு செலவில தானே ஒரு ட்ரான்ஸ்மிட்டரைச் செய்து, மூங்கில் கம்பில ஆன்டெனா கட்டி, 2003 தொடக்கம் ஊர் வானொலி நடத்தினார். பாட்டு, ஊர்ச் செய்தி, எயிட்ஸ் விழிப்புணர்வு எல்லாம் போனது. 2006 மார்ச்சில அதிகாரிகள் அதை மூடினாங்க, அனுமதி இல்லை எண்டு. அதே ஆண்டு நவம்பரில இந்திய அரசாங்கம், தொண்டு அமைப்புகளும் சமூக வானொலி நடத்தலாம் எண்டு கொள்கையை மாற்றியது. பாம்பன் தீவில மீனவருக்காக நடக்கிற 90.4 கடல் ஓசை அந்தக் கதவு திறந்ததால 2016ல வந்த வானொலி. கடலின் நிலை, காற்று, மீன், மீனவரின் பாட்டு எல்லாம் அவங்கட பேச்சிலயே போகுது.

எங்களிட்ட அந்தக் கதவே இல்லை. இலங்கையில சமூக வானொலிக்கெண்டு தனி உரிமம் கிடையாது. அரச வானொலி இருக்கு, தனியார் வானொலி இருக்கு, ஊர் வானொலி எண்ட மூண்டாவது வகையைச் சட்டம் தெரியாது. இதில கவலை என்னெண்டால், தெற்காசியாவில இந்த வேலையை முதலே தொடங்கின நாடுகளில நாங்களும் ஒண்டு. 1981ல மகாவலி சமூக வானொலி தொடங்கி, தயாரிப்பாளர்கள் கிராமங்களுக்குப் போய்த் தங்கி, சனத்தின் குரலைப் பதிவு செய்தாங்க. 1989ல கொத்மலை வந்தது. ஆனா அதெல்லாம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்குக் கீழ. ஊருக்குச் சொந்தமில்லை. பிறகு தொடங்கின நேபாளம் 1997லயே சாகர்மாதா வானொலிக்கு உரிமம் கொடுத்து எங்களைத் தாண்டிப் போயிட்டுது.

“போன் இருக்கே மச்சான், லைவ் போடலாமே, ரேடியோ எதுக்கு?” எண்டு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 1978 நவம்பர் சூறாவளி, 2004 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம் மூண்டையும் கண்ட மண் இது. கரண்ட் போய், டவர் விழுந்து, டேட்டா முடிஞ்சால் வொட்ஸ்அப் குழு எதுக்கு உதவும்? பட்டரி ரேடியோ ஒண்டு ஒரு வீட்டில இருந்தால் அஞ்சு வீடு கேட்கும். ஆயிரம் பேர் கேட்டாலும் அலை நெரிசல்படாது. 2018 மார்ச்சிலயும் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் சமூக வலைத்தளங்களை அரசாங்கமே நிறுத்தினது. பயந்துபோன சனத்துக்கு அந்த நாட்களில கிடைச்சது வதந்தி. பக்கத்து ஊர்க் குரல், தெரிஞ்ச குரல் ஒண்டு “அப்படி ஒண்டும் நடக்கல்ல” எண்டு சொல்லியிருந்தால் எவ்வளவு ஆறுதல்?

இதற்கு எதிர்ப்பக்கம் இருக்கு, மறைக்கத் தேவையில்லை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழுற இடம் இது. ஒரு பகுதியின் கையில மட்டும் மைக் இருந்தால் அது வெறுப்புக்கும் போகும். 1994ல ருவாண்டாவில வானொலி கொலைக்குத் துணைபோனதை உலகம் பார்த்தது. ஆனா அதுக்கு மருந்து வானொலியே வேண்டாம் எண்டது இல்லை. நிர்வாகக் குழுவில ஏறாவூரும் காத்தான்குடியும் ஆரையம்பதியும் களுவாஞ்சிகுடியும் சேர்ந்து இருக்கவேணும், பெண்கள் இருக்கவேணும், கட்சிக்காரர் இருக்கக் கூடாது எண்டு உரிமத்திலயே எழுதலாம். உரிமம் கொடுக்கிற சபையும் அரசாங்கத்தின் பிடியில இருக்கக் கூடாது. 1997ல ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை எங்கட உயர் நீதிமன்றம் ஏற்காமல் விட்டதுக்குக் காரணமே அந்தச் சபை சுயாதீனமா இல்லை எண்டதுதான். அதுக்கு முதல் 1996ல, கல்வி நிகழ்ச்சி ஒண்டைத் திடீரெண்டு நிறுத்தினதை எதிர்த்து ஒரு நேயர் போட்ட வழக்கில, அதில பங்குபற்றின நேயரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதா அதே நீதிமன்றம் சொன்னது. வழி ஏற்கனவே போட்டிருக்கு. நடக்க ஆள் இல்லை.

இன்னொரு விஷயம் பேச்சு. கொழும்பு வானொலிகளில எங்கட “மறுகா” எப்பவாவது கேட்டிருக்கிறீங்களா? கேட்டாலும் நகைச்சுவைப் பாத்திரத்தின்ட வாயிலதான். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையும் அந்தப் பக்கம் படுவான்கரையும் ஒண்டுக்கொண்டு கதைக்கிறதுக்கு ஒரு அலை இல்லை. வாவியின் நீளம் சுமார் 56 கிலோமீற்றர். இந்தியாவில சமூக வானொலிக்கு 100 வொட் வரைக்கும் விடுறாங்க. அந்த அளவில நாலைஞ்சு நிலையம் இருந்தால் வாவியைச் சுத்தி எல்லாருக்கும் கேட்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேணும். இதை வாசித்துப்போட்டு சாமானை உடைத்து, ஆன்டெனா கட்டி, பவரைக் கூட்ட வேண்டாம். உரிமம் இல்லாமல் அப்படிச் செய்றது 1991ம் ஆண்டின் 25ம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். அதோட 108 மெகாஹேர்ட்ஸுக்கு மேல விமானங்கள் பாவிக்கிற அலைகள் தொடங்குது. மட்டமாச் செய்த ட்ரான்ஸ்மிட்டர் அங்கயும் சிந்தும். பக்கத்தில விமான நிலையம் இருக்கிற ஊர் இது. பிரித்தானியாவிலகூட இந்தக் குட்டிச் சாமானை 2006 டிசம்பரில, 50 நானோவொட் எண்ட எல்லை வைத்துத்தான் சட்டபூர்வமாக்கினாங்க.

சட்டம் மாறும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. போனில பதினைஞ்சு நிமிஷ நிகழ்ச்சி ஒண்டு பதிவு செய்யுங்க. மண்டூர்ப் பாதையில வாவியைக் கடக்கிறவங்கட கதை, வலை பின்னுற அப்பாவோட ஒரு பேட்டி, வெள்ளம் வந்தால் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் எண்ட தகவல், எதுவும் சரி. அதை மெமரி காட்டில போட்டு ஊரில ஓடுற ஸ்கூல் வேன்காரரிட்டக் கொடுங்க. அந்தக் குட்டிச் சாமானில அவர் போடுவார். ஒரு வேனுக்குள்ள பதினைஞ்சு பேர் கேட்பாங்க. அதுக்கு யாரின்ட உரிமமும் புதுசா வேண்டியதில்லை. பத்து நிகழ்ச்சி சேர்ந்தால், உரிமம் கேட்டுப் போகும்போது எங்கட கையில ஏதாவது இருக்கும்.