தொலைக்காட்சியா? கணினித் திரையா?



மடிக்கணினியோடு இணைக்க ஒரு பெரிய திரை வாங்கப் போகிறேன் என்று விடுதியில் சொல்லிப் பாருங்கள். “டிவியே வாங்கிருடா. அதே காசுக்குப் பெருசா கெடைக்கும், படமும் பார்க்கலாம்” என்றுதான் பத்தில் எட்டு பேர் சொல்வார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை என் ஆய்வேடு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

கடந்த தவணையில், டியூஷன் நடத்திச் சேர்த்த 600 ரிங்கிட்டோடு கடைக்குச் சென்றேன். 24 அங்குலக் கணினித் திரையும் 32 அங்குலத் தொலைக்காட்சியும் ஏறக்குறைய ஒரே விலை. பெரியதே சிறந்தது என்று தொலைக்காட்சியைத் தூக்கி வந்தேன். மேசைமேல் வைத்து, இரண்டடி தூரத்தில் அமர்ந்து, ஆய்வேட்டின் முதல் இயலை எழுதி முடித்தேன்.

மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்தபோது பக்கமெல்லாம் சிவப்பு மை. பெரும்பாலானவை விடுபட்ட மெய்யெழுத்துப் புள்ளிகள். ‘கண்’ என்பது ‘கண’ ஆகியிருந்தது. ‘பால்’ என்பது ‘பால’ ஆகியிருந்தது. “தமிழ்ப்பள்ளி மாணவர்தானே நீங்க?” என்று கேட்டார். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழை ஒரு பாடமாக மட்டும் விடாமல் பிடித்து வந்தவன் நான். அந்தக் கேள்வி சுட்டது.

புள்ளியைத் தட்டாமல் விட்டது என் விரல்தான், மறுக்கவில்லை. ஆனால், மூன்று முறை திருத்திப் படித்தும் ஏன் கண்ணில் படவில்லை?

காரணம் எளிது. நான் வாங்கிய 32 அங்குலத் தொலைக்காட்சியில் இருப்பவை 1366 × 768 படப்புள்ளிகள். அதாவது, ஓர் அங்குலத்திற்கு ஏறக்குறைய 49. கடையில் விட்டுவந்த 24 அங்குலத் திரையிலோ 1920 × 1080. அங்குலத்திற்கு ஏறக்குறைய 92. என் மடிக்கணினி அனுப்பிய 1920 × 1080 படத்தைத் தொலைக்காட்சி சுருக்கிக் காட்டியதால் எழுத்துகளின் ஓரம் கலங்கியது. அதோடு, பல தொலைக்காட்சிகள் நிற விவரங்களைக் குறைத்தே காட்டுகின்றன. ஓடும் படத்தில் அது தெரியாது; நிற்கும் எழுத்தில் தெரியும். ஆங்கிலத்தில் ‘i’ என்னும் எழுத்தின் புள்ளி மங்கினாலும் சொல் மாறாது. தமிழில் ஒரு புள்ளி மறைந்தால் பொருளே மாறிவிடுகிறது!

அப்படியானால் தொலைக்காட்சி மட்டமான பொருளா? இல்லவே இல்லை. தூரத்திலிருந்து பலர் பார்ப்பதற்குச் செய்யப்பட்டது தொலைக்காட்சி. அருகிலிருந்து ஒருவர் படிப்பதற்குச் செய்யப்பட்டது கணினித் திரை.

இதை எனக்கு உணர்த்தியவர் என் பாட்டி. மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் நாளோடு நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. அன்றிலிருந்து பாட்டி தமது பழைய, தடித்த தொலைக்காட்சியில் ஒரு பெட்டியை இணைத்து, இரண்டு ரிமோட்டுகளோடு போராடிக்கொண்டிருந்தார். விடுமுறையில் என் தொலைக்காட்சியை அங்கே கொண்டுபோய் வைத்தேன். இலக்கவியல் அலைவாங்கி அதனுள்ளேயே இருப்பதால் பெட்டி தேவைப்படவில்லை. ஒரே ரிமோட் போதும். கணினித் திரையில் பொதுவாக அந்த அலைவாங்கி இருக்காது. பலவற்றில் ஒலிபெருக்கிகூட இருக்காது. எட்டடி தூரத்தில் அமர்ந்து தமிழ்ச் செய்தி பார்த்த பாட்டி, “ஐயா, இப்பதான் செய்தி வாசிக்கிற புள்ள மொகமே தெளிவா தெரியுது” என்றார். என் மேசையில் மங்கலாகத் தெரிந்த அதே திரைதான்!

“அப்படியென்றால் 4கே தொலைக்காட்சி வாங்கினால் போதுமே?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 43 அங்குல 4கே தொலைக்காட்சியில் அங்குலத்திற்கு ஏறக்குறைய 102 படப்புள்ளிகள் உண்டு. எழுத்து தெளிவாகவே இருக்கும். ஆனால், அதன் அகலம் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். விடுதி மேசையில் வைத்தால் புத்தகத்திற்கு இடமிருக்காது. வரியின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படிக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே, எழுதவும் படிக்கவும் வேண்டிய மாணவர் முதலில் வாங்க வேண்டியது கணினித் திரையே என்பது என் தாழ்மையான கருத்து. கடைக்குப் போகும்போது மடிக்கணினியையும் எடுத்துச் செல்லுங்கள். தமிழில் தட்டச்சு செய்த ஒரு பக்கத்தைத் திறந்து, இரண்டடி தள்ளி நின்று, மெய்யெழுத்துப் புள்ளிகளைப் பாருங்கள். கண்ணைச் சுருக்காமல் தெரிந்தால் வாங்குங்கள். ஏற்கெனவே தொலைக்காட்சி வாங்கிவிட்டீர்களா? அமைப்புகளில் உள்ளீட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றிப் பாருங்கள்; சில தொலைக்காட்சிகளில் எழுத்து ஓரளவு தெளிவாகும்.

நான் 180 ரிங்கிட்டுக்குப் பழைய 24 அங்குலத் திரை ஒன்றை வாங்கினேன். இரண்டாம் இயலிலும் சிவப்பு மை இருந்தது. ஆனால், இம்முறை கருத்துக்காக, புள்ளிக்காக அல்ல. தொலைக்காட்சியோ பாட்டி வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. விடுமுறையில் நானும் அங்கேதான் அமர்ந்து பார்க்கிறேன். பாட்டியோடு, எட்டடி தள்ளி.