காயாத நெல்லும் கைமாற்றும்

விளைந்த தானியத்தைக் கதிரோடு விட்டுவைக்குமாறு யூஸுப் நபி (அலை) அவர்கள் சிறையிலிருந்தே எகிப்து மன்னருக்குச் சொல்லியனுப்பிய வரலாறு நீங்கள் அறிந்ததே. விளைவிப்பது பாதி, காப்பது மறுபாதி.

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் பெரும்போக அறுவடையில் இயந்திரம் அறுத்துத் தரும் நெல்லில் 20 வீதத்துக்கு மேலும் ஈரமிருப்பதுண்டு. அது 14 வீதத்துக்கு இறங்கினால்தான் மூட்டையில் பூஞ்சணம் பிடிக்காது. நெல் சந்தைப்படுத்தல் சபையும் 14 வீதத்தை அளவாக வைத்தே வாங்குகிறது. களமும் அறையும் இல்லாத, கடன்பட்ட சிறு விவசாயி என்ன செய்வார்? வயலோரத்திலேயே வியாபாரி சொன்ன விலைக்கு ஈர நெல்லைக் கொடுத்துவிடுகிறார். சில மாதங்களில் அவர் மனைவியே கடையில் கூடிய விலைக்கு அரிசி வாங்குகிறார்.

வயலுள்ள சகோதரிகளே! சாப்பாட்டு நெல்லையாவது விற்காதீர்கள். படங்கில் மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிக் காயவையுங்கள். கடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். சூடாறிய பின் மூட்டை கட்டி, சுவரில் முட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

கல்கிசை, வெள்ளவத்தையில் வாழும் சகோதரிகளே! ஊரில் வயல் செய்யும் உறவினருக்கு அறுவடை நேரத்தில் வட்டியில்லாக் கைமாற்றுக் கொடுங்கள். கடன்காரர் வாசலில் நிற்காவிட்டால், நெல் காயும்வரை அவரால் பொறுத்திருக்க முடியும்.