கியர்பாக்ஸ் மேல் பழி போடுவதற்கு முன்...

நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்களில் சிலர், பாட்டு கேட்க வந்ததை மறந்துவிட்டுக் கார் கதைக்குப் போய்விடுவார்கள். அண்மையில் கிள்ளானிலிருந்து ஓர் அக்கா. வீட்டில் அப்பா ஓட்டிய பழைய ஈஸ்வரா, ஆட்டோ. “‘டி’யில் போட்டாலே தூக்கிப் போடுது தம்பி, மேட்டுல இழுக்க மாட்டேங்குது. கியர்பாக்ஸையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க. அவங்க கேக்குற காசுக்கு இந்தக் காரை வித்தாலும் கட்டாது.”

1985இல் முதல் புரோட்டோன் சாகா வந்த காலம் தொட்டு, இப்படி விற்க மனமில்லாமல் நிற்கும் கார்கள் நம் வீடுகளில் நிறைய. கியர்பாக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவற்றில் பல பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. நான் சொல்வது இதுதான்: கார்புரேட்டரைப் பார்க்காமல் கியர்பாக்ஸைக் கழற்ற விடாதீர்கள்.

‘டி’யில் போட்டதும் குலுங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். சூடேறிய இன்ஜின் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று ஓட வேண்டும். அது 1,300இல் ஓடினால், நல்ல கியர்பாக்ஸும் குலுங்கத்தான் செய்யும். காலையில் சோக் வேலை செய்யும்வரை சுற்று அதிகமாக இருப்பது இயல்பு. பத்து நிமிடம் ஓடியும் இறங்கவில்லையா? சோக் சிக்கியிருக்கலாம். நம் ஊர் வெயிலில் வெந்து வெடித்த வேக்குவம் ரப்பர் குழாய் வழியாகக் காற்று புகுந்திருக்கலாம். அந்தக் குழாயின் விலை சில ரிங்கிட்தான்.

மேட்டில் இழுக்காததற்குக் காதே போதும். (வானொலிக்காரன் வேறு என்ன சொல்வேன்!) ஜன்னலை இறக்கிவிட்டு மேடு ஏறுங்கள். இன்ஜின் சத்தம் உறுமி ஏறுகிறது, கார் மட்டும் நகர மறுக்கிறது என்றால் வழுக்குவது கியர்பாக்ஸ். மேனுவல் காராக இருந்தால் கிளட்ச். சத்தமே ஏறாமல் திணறினால், விக்கி விக்கி ஓடினால், குறை இன்ஜின் பக்கம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த வயது ஆட்டோ கார்கள் பலவற்றில் கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதைக் கியர்பாக்ஸுக்குச் சொல்வது அதுதான். தளர்ந்திருந்தால் கியர் சீக்கிரம் மாறும், உள்ளே எண்ணெய் அழுத்தம் குறைந்து வழுக்கும்; அப்படியே ஓட்டினால் உண்மையிலேயே எரிந்துபோகும். இறுகியிருந்தால் தாமதமாக, இடித்துக்கொண்டு மாறும். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியவர் இதைச் சரிபார்க்காமல் விட்டிருப்பார், பழி கியர்பாக்ஸுக்குப் போகும். கிள்ளான் அக்கா வீட்டுக் காரில் நடந்ததும் அதுதான். வேறொரு பட்டறையில் ஐட்லிங்கை இறக்கி, கேபிளைச் சரிசெய்ததோடு வேலை முடிந்தது.

அதனால் பட்டறையில் வரிசை கேளுங்கள். முதலில் பிளக், டைமிங். பிறகு வேக்குவம் குழாய்கள். அதன் பிறகுதான் இன்ஜின் சூடாக இருக்க, ஏர்கோன் அணைத்து, கார்புரேட்டர் திருகு. கேபிள் கடைசியில். திருகைத் தொடுமுன் அது இறுகும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைக்கச் சொல்லுங்கள். வேலை சொதப்பினால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். வீட்டிலேயே பார்ப்பவர்கள் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் தெளித்துக் கசிவு தேடும் வேலையை மட்டும் வேண்டாம்.

கியர்பாக்ஸே கெட்டிருந்தால் அதன் எண்ணெய் சொல்லிவிடும். அளவுகோலைத் துடைத்து வெள்ளைத் துணியில் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்து, இரும்புத் தூளும் மின்னினால், அப்போது அந்தப் பெரிய தொகையைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசலாம்.