தாம்பரமும் மின்சாரமும்

சென்னைக்குத் தெற்கே தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் முதலிய ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாய்ச் சேர்த்து, 2021-ம் வருஷத்தில் சர்க்கார் தாம்பரம் மாநகராட்சியை ஸ்தாபித்தனர். ஊருக்குப் பட்டம் சூட்டுவது ஒரு நாள் காரியம். அந்தப் பட்டத்துக்குத் தக்கபடி மின்சாரம் கொடுப்பதோ பல வருஷத்துக் காரியம். முன்னதைச் செய்தவர்கள் பின்னதை எவ்வளவு தூரம் நிறைவேற்றியிருக்கிறார்கள் என்று கேட்க ஜனங்களுக்குப் பூரண பாத்தியதை உண்டு.

இப்பகுதிகளில் நேற்று வயலாயிருந்த நிலம் இன்று மனைப்பிரிவு. நாளை மாடி வீடு. நான்கு விளக்கும் இரண்டு விசிறியும் ஒரு குடும்பத்துக்குப் போதுமாயிருந்த காலம் போய்விட்டது. குளிர்சாதன யந்திரம் ஒன்றே ஏறக்குறைய 1.5 கிலோவாட் இழுக்கிறது. தெருமுனையிலுள்ள 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் மீது இத்தகைய யந்திரங்கள் அறுபது ஒரே சமயத்தில் ஓடினால் அதன் சக்தி தீர்ந்தது. விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் மிச்சமிராது. சித்திரை, வைகாசி இரவுகளில் வோல்டேஜ் இறங்குவதும் பியூஸ் போவதும் இதனால்தான். பணமுள்ளவர் இன்வெர்ட்டர் வாங்கி வைத்துக்கொள்கிறார். ஒண்டுக் குடித்தனத்திலிருக்கும் தொழிலாளிக்கும், பரீட்சைக்குப் படிக்கும் அவர் குழந்தைக்கும் பனையோலை விசிறியே கதி.

மின்சார உற்பத்தி போதவில்லை என்று சிலர் சமாதானம் கூறுவர். 2012-ம் வருஷத்தில் அது மெய். இப்பொழுது அந்தச் சமாதானம் செல்லாது. 2024-ம் வருஷம் மே 2-ந் தேதி தமிழ்நாடு முழுவதற்கும் 20,830 மெகாவாட் தேவைப்பட்டபோது அது கொடுக்கப்பட்டது. குளத்தில் நீருண்டு, வாய்க்கால்தான் ஒடுக்கம். துணை மின் நிலையங்களும், அவற்றிலிருந்து தெருக்களுக்குச் செல்லும் 11 கிலோவோல்ட் பாதைகளும் குடித்தனங்களோடு கூட வளரவேண்டும். வளராவிடில் எவ்வளவு உற்பத்தி செய்தும் பயனில்லை.

மனுச் செய்த ஒரு மாதத்துக்குள் இணைப்புத் தரவேண்டுமென்று 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம் விதிக்கிறது. ஆனால், புதிதாகத் துணை மின் நிலையம் அமைக்க நேர்ந்தால் அந்தக் கெடு பொருந்தாது. நியாயமான விலக்குத்தான். எனினும், நிலையம் கட்டாமலிருப்பதற்கே அது புகலிடமாகிவிடலாகாது. நிலமில்லை என்று கூறவும் வழியில்லை. பெரிய மனைப்பிரிவுகளில் பாதை நீங்கலான பரப்பில் 0.5 சதவிகிதத்தை மின்சார நிறுவனத்துக்குத் தானமாய் எழுதிக் கொடுக்கவேண்டுமென்று 2019-ம் வருஷத்துக் கட்டட விதிகள் சொல்லுகின்றன. புதிய இணைப்புப் பெறுபவரிடம் அபிவிருத்திக் கட்டணம் என்றே ஒரு தொகை வசூலாகிறது. நிலமும் ஜனங்களுடையது, பணமும் ஜனங்களுடையது.

1932-ம் வருஷத்தில் நீலகிரியில் பைகாரா மின் நிலையம் வேலை தொடங்கியது. ஆண்டவர்கள் அந்நியர்கள், நம் நன்மையை முன்னிட்டே அவர்கள் எதையும் செய்தார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும், மலையிலிருந்து கோயமுத்தூருக்குக் கம்பி இறங்கிய பிறகே அங்கே ஆலைகள் மளமளவென்று பெருகின. அன்று கம்பி முந்தியது, ஆலை தொடர்ந்தது. இன்றோ சுயராஜ்யத்தில், வீடு முந்தி, குடும்பம் குடியேறி, இருட்டில் உட்கார்ந்து மகஜர் எழுதிய பிறகல்லவா கம்பியைப்பற்றி யோசனை பிறக்கிறது!

மனைப்பிரிவுக்கு அனுமதி அளிக்கும்போதே, அதற்கு எந்த நிலையத்திலிருந்து மின்சாரம் வரும், எந்தத் தேதியில் வரும் என்பதை அதே உத்தரவில் எழுதவேண்டும். தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் இதுவரை தானமாய் வந்த மின்சார மனைகள் எத்தனை, அவற்றுள் டிரான்ஸ்பார்மராவது துணை நிலையமாவது எழுந்தவை எத்தனை, புல் முளைத்துக் கிடப்பவை எத்தனை என்ற கணக்கை மாமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேட்டு வாங்கி, வட்டம் வட்டமாக ஜனங்கள் பார்வைக்கு ஒட்டவேண்டும்.